கணுக்கால் அளவைக் கருவி: சுங்கை சிப்புட்டில் ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நான் நடத்திவரும் பிசியோதெராபி கூடம் ஒரே அறைதான். கால் சுளுக்கி வருபவரைப் படியேற வைக்கக் கூடாது என்பதற்காகவே, மேல்மாடியைவிட வாடகை கூடுதலான கீழ்த்தளத்தை எடுத்துக்கொண்டேன். அந்த அறைக்கு ஐந்து மாதங்களுக்கு முன் 1,850 ரிங்கிட் கொடுத்து ஒரு கருவித் தொகுப்பை வாங்கினேன். கணுக்கால் காயத்தை மதிப்பிடவும், பின்னர் காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சிகளை வழிநடத்தவும் அது ஒருசேர உதவும் என்பது விற்றவர்களின் கூற்று. முதற்பாதி ஓரளவுக்கு உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் இரண்டு உணரிகள், அவற்றைக் காலில் கட்டுவதற்கு நான்கு பட்டைகள், அடியில் அரைக்கோளம் பொருத்திய வட்டமான ஆடுபலகை ஒன்று, மின்னேற்றும் கம்பி, கைப்பேசிச் செயலிக்கான சீட்டு ஆகியவை இருந்தன. ஓர் உணரியை முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின்மீதும் மற்றொன்றைப் பாதத்தின் மேற்புறத்திலும் கட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான கோணம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். பலகைக்குள்ளேயும் ஓர் உணரி பதிக்கப்பட்டிருப்பதால், அதன்மீது நிற்பவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறார் என்பதும் தெரியும். கருவியின் வணிகப் பெயரை நான் எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த பொருள் வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு விலைகளில் இணையத்தில் விற்கப்படுவதைப் பார்த்துவிட்டேன். ஆகவே இங்கே சொல்லப்படும் குறைநிறைகள் இந்த வகைக் கருவிகளுக்கானவை என்று கொள்ளலாம்.

எங்கள் ஊரில் கணுக்கால் எப்படிச் சுளுக்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கருவியை வடிவமைத்தவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டத்து வேலையே மேல்நோக்கிப் பார்க்கும் வேலையாகிவிட்டது. உயர்ந்த மரத்தில் குலை வெட்டுபவர் நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து, காம்பில் கொக்கியிட்டு இழுப்பார். குலை இறங்கும் நொடியில் அவர் பின்வாங்கியாக வேண்டும். அப்போது கண் மேலே இருக்கும். குதிகால் மட்டும் பின்னால் தானாக இடம் தேடும். அது மட்டை அடுக்கின் விளிம்பிலோ, மண்ணில் உருண்டு கிடக்கும் உதிரிப் பழத்தின்மீதோ விழுந்தால் பாதம் உள்நோக்கி மடிகிறது. வெளிக்கணுவின் முன்பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் தசைநார்தான் இவ்வகைச் சுளுக்கில் முதலில் கிழிவது. அடி பலமானால் அதற்குக் கீழே குதிகால் எலும்புக்குச் செல்லும் தசைநாரும் கிழியும். பின்பக்கத் தசைநார் கிழிவது அரிது. இதே காயம்தான் தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடும் பிள்ளைகளுக்கும் பந்து விளையாடும் இளைஞர்களுக்கும் ஏற்படுகிறது. ஆனால் அவர்களுக்கு அடுத்த நாள் மேடும் பள்ளமுமான நிரையில் கழியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய கட்டாயமில்லை.

விற்பனைப் பக்கத்தில் 'மதிப்பீடு' என்ற சொல் பலமுறை வருகிறது. புதிதாக அடிபட்ட கணுக்காலில் மதிப்பிட வேண்டிய முதற்செய்தி எலும்பு முறிந்துள்ளதா என்பதே. அதற்கு இக்கருவியால் எந்த உதவியும் இல்லை. அவ்வேலையை ஒரு விரலும் நான்கு எட்டு நடையும் செய்துவிடுகின்றன. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1992ல் வெளியிட்ட விதிகள் இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. உள்கணு, வெளிக்கணு ஆகிய இரண்டின் நுனியையும், பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டர் வரையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள நீள எலும்பின் அடிப்பகுதியையும் உட்புறத்துப் படகெலும்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எலும்பின்மீது வலி இருந்தாலோ, அடிபட்ட உடனேயும் பரிசோதிக்கும் வேளையிலும் நான்கு எட்டுகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இவ்விதிகள் முறிவைத் தவறவிடுவது மிகவும் அரிது. என்னிடம் வருபவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டால் அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பிய பின்னரே உணரியை எடுத்துக் கட்டுகிறேன். செயலியோ திறந்தவுடன் 'அளக்கத் தொடங்கலாம்' என்று அழைக்கிறது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, 'நான்கு எட்டு நடக்க முடிகிறதா?' என்று சேர்த்திருந்தால் ஒரு செலவும் ஆகியிருக்காது.

இனி, கருவி நன்றாகச் செய்வதைச் சொல்கிறேன். பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவை அது நம்பத்தக்க முறையில் அளக்கிறது. ஓர் எளிய சோதனையால் இதை உறுதிப்படுத்திக்கொண்டேன். சுவருக்கு எதிரே நின்று, குதிகாலை எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற மட்டும் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்தி, பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணுக்காலின் மடக்கு ஏறத்தாழ 3.6 பாகை என்பது எங்கள் துறையில் வழங்கும் கணக்கு. என்னிடம் வந்த ஒரு குலைவெட்டுத் தொழிலாளிக்கு நல்ல காலில் 11 சென்டிமீட்டரும் அடிபட்ட காலில் 6 சென்டிமீட்டரும் வந்தன. ஐந்து சென்டிமீட்டர் குறைவென்றால் 18 பாகை. உணரி காட்டிய வேறுபாடு 17 பாகை. தையற்கடை நாடாவும் 1,850 ரிங்கிட் கருவியும் ஒரே விடையைச் சொன்னதில் எனக்கு ஒரு பக்கம் மகிழ்ச்சி, மறுபக்கம் வருத்தம்.

ஆனால் நாடாவால் செய்ய முடியாத ஒன்றை இக்கருவி செய்தது. இரண்டு கால்களின் அளவையும் அது அருகருகே இரண்டு தூண்களாக வரைந்து காட்டுகிறது. அந்தத் தொழிலாளி, மேசையில் வைத்திருந்த கைப்பேசியின்மேல் குனிந்து, நீளமான நீலத் தூணையும் அதன் பாதிக்குச் சற்றுமேல் நின்றுவிட்ட ஆரஞ்சுத் தூணையும் மாறிமாறிப் பார்த்தார். 'இந்தக் குட்டைக் காலுதான் என்னோடதா மிஸ்?' என்று கேட்டார். வலி குறைந்துவிட்டது, கால் சரியாகிவிட்டது என்று அதற்கு முந்தைய வாரம் என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தவர் அவர். 'சென்டிமீட்டர்' என்று நான் சொன்னபோது கேட்காதவர் தூணைப் பார்த்ததும் கேட்டார். கெண்டைக்கால் நீட்சிப் பயிற்சியை வீட்டில் தவறாமல் செய்யத் தொடங்கினார். ஐந்து மாதத்தில் இக்கருவி எனக்குத் தந்த மிகப்பெரிய நன்மை இதுவே. வடிவமைத்தவர்கள் இதை ஓர் ஓரத்துப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

பக்கவாட்டு அசைவுக்கு வந்தால் கதை மாறுகிறது. கணுக்கால் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த இரண்டு மூட்டுகள். மேல்மூட்டு பெரும்பாலும் கதவின் கீல்போல மேலும் கீழும் அசைகிறது. கீழ்மூட்டின் அச்சோ சாய்ந்தது: கிடைமட்டத்திலிருந்து சராசரியாக 42 பாகை மேல்நோக்கியும், பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 பாகை உள்நோக்கியும் செல்கிறது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் பாதம் உள்ளே மடியும்போது சற்றே திரும்பவும் செய்கிறது. சாய்வை ஈர்ப்புவிசையின் துணையோடு திருத்திக்கொள்ளும் இந்த வகை உணரிக்கு, கிடைமட்டமாகத் திரும்புவதைத் திருத்திக்கொள்ள எந்தப் பற்றுக்கோடும் இல்லை. திரும்பும் வேகத்தை அளக்கும் உள்ளுறுப்பான சுழற்சிமானியின் சிறு பிழைகள் நேரம் ஆக ஆகக் குவிந்துகொண்டே போகும். மேலும் உணரி உட்கார்ந்திருப்பது பாதத்தின் நடுப்பகுதியில். சுளுக்கிய மூட்டு இருப்பதோ குதிகாலுக்கு மேலே. ஆகவே திரையில் '24 பாகை' என்று வரும்போது அதில் எவ்வளவு கணுக்காலுடையது, எவ்வளவு நடுப்பாதத்துடையது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

இத்தோடு பட்டையும் சேர்ந்து சதி செய்கிறது. வழுவழுப்பான நெகிழித் துணியில் தைத்த அந்தப் பட்டை, வியர்வை கசிந்ததும் பாதத்தின்மீது நழுவுகிறது. ஒரே மனிதரின் ஒரே காலை, அவிழ்த்துக் கட்டி மூன்று முறை அளந்தபோது பக்கவாட்டு அளவு 6 பாகை வரை வேறுபட்டது. குணமடைதலின் ஒரு வார முன்னேற்றமே அவ்வளவுதான் இருக்கும் என்னும்போது, அந்த எண்ணை நம்பி யாரிடம் என்ன சொல்வது? வீக்கம் இருக்கும் காலில் நிலைமை இன்னும் மோசம். வீக்கம் வடிய வடியப் பட்டை உட்காரும் இடமும் மாறும். வீக்கத்தை அளக்கக் கருவியில் வழியே இல்லை. கணுவைச் சுற்றி எட்டு வடிவில் நாடாவை ஓட்டி அளக்கும் பழைய முறையைத்தான் நான் தொடர்ந்து செய்கிறேன்.

தசைநார் தளர்ந்துவிட்டதா என்பதையும் கருவி சொல்லாது. குதிகாலைப் பிடித்து முன்னுக்கு இழுத்துப் பார்க்கும் சோதனையை, அடிபட்ட அன்றே செய்வதைவிட நான்கைந்து நாள் கழித்து, வலியும் வீக்கமும் தணிந்த பின் செய்தால் விடை நம்பகமாக இருக்கும். இது கையால் உணர வேண்டிய செய்தி. இதில் கருவியைக் குறை சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்வதுபோல் விளம்பரம் செய்ததைத்தான் குறை சொல்கிறேன்.

ஆடுபலகையைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு. சுளுக்கு ஆறிய பிறகும் கால் அடிக்கடி 'விட்டுவிடுவது' ஏன் என்ற கேள்விக்கு, 1965ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃப்ரீமனும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு விடை கூறினர். தசைநாரோடு சேர்த்து, பாதத்தின் நிலையை மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளும் சேதமடைகின்றன என்றும், சமநிலைப் பலகையில் நின்று பழகினால் அந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்யலாம் என்றும் அவர்கள் எழுதினர். அவர்களுடைய விளக்கம் பின்னர் பலவாறு திருத்தப்பட்டது. ஆனால் பலகை நிலைத்துவிட்டது. என்னிடமுள்ள பலகையின் மேற்பரப்பில் ரப்பர் முடிச்சுகள் இருப்பதால் வெறுங்கால் வழுக்குவதில்லை. சிமெண்டுத் தரையில் அடிப்பகுதியும் உறுதியாக நிற்கிறது. சாய்வைத் திரையில் ஒரு பந்தாகக் காட்டி, அதை வட்டத்துக்குள் நிறுத்தச் சொல்லும் விளையாட்டைப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஐம்பதைக் கடந்த அண்ணன்மாரும் விட்டுக்கொடுக்காமல் ஆடுகிறார்கள். 'சும்மா நில்லுங்கள்' என்றால் இருபது வினாடியில் இறங்கிவிடுபவர்கள், பந்துக்காக மூன்று நிமிடம் நிற்கிறார்கள்.

கசப்பான பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு வாரமும் கோணம், ஒற்றைக்கால் நிற்கும் நேரம், பலகையின் ஆட்டம் ஆகிய மூன்றையும் கூட்டி, செயலி நூற்றுக்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 85ஐத் தாண்டினால் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறியும், 'செயல்பாட்டுக்குத் திரும்பத் தயார்' என்ற ஆங்கில வரியும் தோன்றுகின்றன. நான் மேலே சொன்ன தொழிலாளிக்கு ஐந்தாம் வாரம் 87 வந்தது. அன்று நான் மற்றொரு நோயாளியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மிஸ், பச்சை வந்துடுச்சு' என்று அவர் அறையின் மறுகோடியிலிருந்து கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள், சரிவில் பின்னோக்கி நடக்கும் பயிற்சியை நாம் இன்னும் தொடங்கவே இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மழை பெய்த காலையில் வேலைக்கு இறங்கி, அடிபட்ட அதே காலை அதே பக்கமாக மடித்துக்கொண்டு, மாலையில் மகனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பச்சைக்கு முன்னால் என் வாய்ச்சொல் எம்மாத்திரம்?

இதில் அவருடைய பொருளாதாரமும் உண்டு. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு மருத்துவ விடுப்பு, அடிபட்ட நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாளாவது இருந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தற்காலிக முடக்க உதவித்தொகையாகத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் வெட்டும் குலைக்கேற்பக் கூலி பெறுபவர், விளைச்சல் மிகுந்த மாதத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நட்டக்கணக்காகவே பார்ப்பார். விடுப்பை முடிவுசெய்பவர் மருத்துவர்தான், கைப்பேசி அல்ல என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும், திரும்பிப் போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பவர் கையில் அந்தக் காரணத்தைப் பச்சை நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தது கருவி. மருத்துவக் கருவிகளின் இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971 தரநிலை, முன்கூட்டியே ஊகிக்கத்தக்க தவறான பயன்பாட்டையும் வடிவமைப்பிலேயே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இதைவிட எளிதாக ஊகிக்கத்தக்க தவறு வேறு என்ன இருக்க முடியும்?

மதிப்பெண்ணின் கணக்கே குறைபாடானது என்பதைப் பிறகு உட்கார்ந்து யோசித்தபோது கண்டேன். அது அளக்கும் மூன்றுமே கண் முன்னால் திரையைப் பார்த்துக்கொண்டு, ஆடாமல் நிற்க முயலும் மனிதரின் திறன். சுளுக்கு நிகழ்வது கண் வேறெங்கோ இருக்கும்போது. பாதம் திடீரென மடியத் தொடங்கினால், கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகள் விழித்துக்கொள்ளவே சுமார் 60 முதல் 90 மில்லிவினாடி ஆகும். விசை பிறக்க அதற்கும் மேல். ஆகவே உண்மையான பாதுகாப்பு, குதிகால் தரையைத் தொடுவதற்கு முன்பே பாதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பழக்க வேண்டுமானால் அண்ணாந்து பார்த்தபடி, கையில் நீண்ட கழியோடு, பின்னோக்கி அடி வைத்துப் பழக வேண்டும். இதை நான் இப்போது துடைப்பக் கழியும் நுரைமெத்தைத் துண்டுகளும் வைத்துச் செய்கிறேன். தசைநார் உறுதிபெற ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம் என்னும் செய்தியும் அந்த மதிப்பெண்ணுக்குள் எங்கும் இல்லை. ஐந்தாம் வாரம் 87 வாங்கியவரும் பதினைந்தாம் வாரம் 87 வாங்கியவரும் செயலிக்கு ஒன்றே.

வானிலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்னேற்றும் முனைகள் இரண்டு மாதத்தில் வியர்வை உப்பால் பச்சை பூத்தன. பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைத்து ஓட்டுகிறேன். ஒருவருக்குப் பட்டையின் அடியில் செந்தடிப்பு வந்தது. ரப்பர் சப்பாத்துக்குள் உணரியைப் போட வழியில்லை என்பது பெரிய குறை. வேலைக்குப் போகும் கால் சப்பாத்துக்குள்தான் இருக்கிறது. வெறுங்காலில் அளந்த நடை அந்தக் காலின் நடை அல்ல.

செயலியில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே உள்ளன. மலேசியாவில் விற்கும் கருவியில் மலாய்கூட இல்லை. இங்கே குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பலர். அவர்களில் சிலர் என்னிடம் வருகிறார்கள், படத்தைக் காட்டித்தான் புரியவைக்கிறேன். தமிழில் பயிற்சிக் குறிப்பை நானே ஒரு தாளில் எழுதி நகலெடுத்துக் கொடுக்கிறேன். அதன் முதல் வரி, இரட்டைப் பிள்ளை பெற்றவரிடம் சுளுக்கு வழித்துக்கொள்வதாக இருந்தால் முதல் ஒரு வாரம் வேண்டாம் என்பது. முழுதாக வேண்டாம் என்று எழுதினால் அந்தத் தாளையே மடித்து வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். புதிதாகக் கிழிந்த தசைநாரை அழுத்தி உருவாதவரை, கோடாலித் தைலத்தின் மணத்தோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை.

இதைவிட உயர்ந்த கருவிகள் இல்லையா என்று கேட்டால், உண்டு. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1990களின் இறுதியில், ஆறு தண்டுகள் தாங்கும் சிறு மேடையில் பாதத்தை வைத்து, எல்லாத் திசையிலும் அசைத்தும் எதிர்த்தும் பயிற்சி தரும் கணுக்கால் இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். அதே நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'ஆங்கிள்பாட்', காலில் அணிந்தபடியே மேல்கீழ் அசைவுக்கும் பக்கவாட்டு அசைவுக்கும் அளவாகத் துணைநிற்கும். நோயாளி முயன்றால் விலகிக்கொள்ளும், முயலாவிட்டால் மட்டும் கைகொடுக்கும். அது முக்கியமாகப் பக்கவாதத்துக்குப் பிந்தைய மறுவாழ்வுக்கானது. நமக்கு அருகே, ஈப்போ மேரு ராயாவில், சொக்சோவின் இயந்திரத் துணையுடனான மறுவாழ்வு மையமே இருக்கிறது. ஆனால் சாதாரணச் சுளுக்குக்கு மோட்டார் தேவையில்லை. தேவைப்படுவது நேர்மையான அளவும், அந்த அளவு எதைச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் திரையும்.

வாங்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி (சட்டம் 737), மருத்துவப் பயனுக்கென்று விற்கப்படும் கருவி, மருத்துவக் கருவி ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகுப்புகள் உள்ளன. பதிவு எண்ணை ஆணையத்தின் இணையப் பட்டியலில் எவரும் சரிபார்க்கலாம். 'உடற்பயிற்சிப் பொருள்' என்ற பெயரில் பதிவைத் தவிர்த்துவிட்டு, விளம்பரத்தில் மட்டும் 'மருத்துவ மதிப்பீடு' என்று எழுதும் பொருள்கள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. இந்த இரண்டில் எது உங்கள் பெட்டியில் இருக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்குச் சுளுக்கு என்பதற்காக இதை வாங்காதீர்கள். நாடாவும் சுவரும் போதும். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்துவிட்டு, பிசியோதெராபிக்குக் கடிதம் கேளுங்கள். என்னைப்போல் கூடம் நடத்துபவர்கள், விளையாட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு, பலகையும் இரட்டைத் தூண் படமும் கொடுத்த விலைக்கு ஏறக்குறைய ஈடாகின்றன. பலகை தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். மதிப்பெண் பக்கத்தை நான் இப்போது நோயாளிக்குக் காட்டுவதில்லை. கைப்பேசித் திரையில் அந்த இடத்தை மறைக்க ஒரு துண்டு ஒட்டுத்தாளை நிரந்தரமாக ஒட்டியிருக்கிறேன்.

பட்டைக்கு ஒரு வழி பிறந்தது. எங்கள் வரிசையில் நான்கு கடை தள்ளித் தையற்கடை வைத்திருக்கும் அக்காவிடம் உணரியைக் காட்டி, நழுவாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் காலை முக்காலியின்மீது வைக்கச் சொல்லி, சுண்ணக்கட்டியால் கணுவைச் சுற்றிக் கோடு போட்டார். பள்ளிப்பை நாடாவை எட்டு வடிவில் குதிகாலைத் தழுவி வரும்படி வெட்டி, உட்புறத்தில் பருத்தித் துணி வைத்துத் தைத்து, உணரிக்குக் குதிகாலின் பின்பக்கத்திலேயே ஒரு சிறு பையும் போட்டுக் கொடுத்தார். கூலி 12 ரிங்கிட். அதைக் கட்டி, அவிழ்த்து, மீண்டும் கட்டி மூன்று முறை அளந்தபோது, பக்கவாட்டு அளவின் வேறுபாடு 6 பாகையிலிருந்து 2 பாகைக்கு இறங்கியது. படத்தோடு தயாரிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்னொரு கோணத்தில் எடுத்த படம் வேண்டும் என்று மறுநாளே பதில் வந்தது. அக்காவோ, தைத்ததற்கு ஏதாவது தருவார்களா என்று முதலில் கேட்டுச் சொல், பிறகு படம் எடுக்கலாம் என்கிறார்.